குதித்த விமானமும் அடுத்த இரண்டு நொடிகளும்

பயிற்சி விமானம் ஒன்று தரையிறங்கும்போது ஓடுதளத்தை விட்டு விலகிப் புல்வெளியில் மூக்குக் குத்தி நின்றது, அதைத் தனியாக ஓட்டிய மாணவர் காயமின்றித் தப்பினார் என்ற வகைச் செய்தி அவ்வப்போது நாளிதழ்களின் உள்பக்கங்களில் வந்து மறைகிறது. பெரும்பாலானோர் அதைக் கடந்து போய்விடுவார்கள். வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, பிள்ளையை விமானிப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கும் குடும்பத்தால் அப்படிக் கடந்துபோக முடியாது. அந்த வீட்டில் உடனே இரண்டு கேள்விகள் எழும்: விமானம் பழுதா, அல்லது ஓட்டிய பிள்ளையின் தவறா? கேள்விகள் இயல்பானவைதான். ஆனால் மாணவர்களின் தரையிறக்க விபத்துகளில் கணிசமானவை இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் சரியாக அடங்குவதில்லை. அவை எப்படி உருவாகின்றன என்பதை நொடிக்கணக்கில் பார்த்தால்தான், எதைத் தடுத்திருக்க முடியும் என்பது தெரியவரும்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. உலகெங்கும் சிறு விமானங்களின் விபத்துகளில் தரையிறக்கத்தின்போது நேர்பவையே எண்ணிக்கையில் மிகுதி. உயிரிழப்போ அவற்றில் மிகக் குறைவு. செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானம் முழுச் சுமையோடு சுமார் 1,100 கிலோ எடையுள்ளது. அது ஏறத்தாழ 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுதளத்தை நெருங்கி, அதைவிடவும் குறைந்த வேகத்தில் தரையைத் தொடுகிறது. அந்த வேகத்தில் புல்லுக்குள் ஓடினாலும் உள்ளே இருப்பவர் பெரும்பாலும் நடந்தே வெளியே வருவார். இதனாலேயே இவ்விபத்துகள் பயிற்சியில் சகஜம் என்று எளிதாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூக்குச் சக்கரம் உடைந்து நின்ற விபத்துக்கும் உயிரைப் பறித்த விபத்துக்கும் தொடக்கம் பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கிறது. அதற்குப் பின் வந்த இரண்டு மூன்று நொடிகளில்தான் அவை பிரிகின்றன.

தரையிறக்கம் என்பது ஓடுதளத்தைச் சுற்றிய செவ்வக வடிவச் சுற்றில் தொடங்குகிறது. இதைச் சர்க்யூட் என்பார்கள். ஓடுதளத்துக்கு இணையாகப் பறந்து, திரும்பி, வேகத்தையும் உயரத்தையும் படிப்படியாகக் குறைத்து, இறுதி நேர்கோட்டுக்கு வந்ததும் விமானம் சுமார் மூன்று பாகைச் சரிவில் இறங்கிவரும். தரைக்குச் சில மீட்டர் உயரத்தில் விமானி எஞ்சின் விசையை முழுக்கக் குறைத்து, கட்டுப்பாட்டுப் பிடியைச் சிறிது சிறிதாகப் பின்னுக்கு இழுத்து மூக்கை உயர்த்துகிறார். இதுதான் ஃப்ளேர். இறங்குவது நின்று, விமானம் தரையை ஒட்டி மிதந்து, வேகம் தீர்ந்துபோக, பின்புற இரு முதன்மைச் சக்கரங்களும் முதலில் தொட வேண்டும். மூக்குச் சக்கரம் கடைசியாக மெதுவாக அமர வேண்டும்.

ஃப்ளேர் நீடிப்பது ஐந்தாறு நொடிகள்தான். ஒரு சர்க்யூட்டுக்கு ஏழெட்டு நிமிடங்கள் ஆகும் என்று கொண்டால், ஒரு மணி நேரப் பயிற்சியில் ஏழு அல்லது எட்டு தரையிறக்கங்கள் கிடைக்கும். மாணவர் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டியிருக்கிறார். ஆனால் மிகக் கடினமான அந்தச் செயலை அவர் கைகள் செய்து பார்த்தது மொத்தம் ஏறத்தாழ முக்கால் நிமிடம்தான். இந்தக் கணக்கைப் பெற்றோர்களும் மாணவர்களும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பத்து மணி நேரம் பறந்தும் தரையிறக்கம் கைகூடவில்லையே என்று வருந்தும் மாணவர், உண்மையில் அந்தத் திறனைச் சில நிமிடங்களே பழகியிருக்கிறார்.

தவறு பெரும்பாலும் கூடுதல் வேகத்தில் தொடங்குகிறது. வேகம் குறைந்தால் இறக்கை தூக்குவிசையை இழந்து, அதாவது ஸ்டால் ஆகி, விமானம் விழுந்துவிடும் என்று முதல் வகுப்பிலிருந்தே சொல்லிக் கொடுப்பதால், மாணவர் பாதுகாப்புக்காக என்று ஐந்து பத்து நாட் கூட்டியே வருவார். 65 நாட்டுக்குப் பதில் 75 நாட்டில் வந்தால் வேகம் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடுகிறது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்த ஆற்றல் எங்கேயாவது செலவாகியாக வேண்டும். இறக்கை அகலத்தைவிடக் குறைந்த உயரத்தில் பறக்கும்போது தரையின் அருகாமையால் காற்றுத் தடை குறைவதால், விமானம் கீழே அமர மறுத்து மிதந்துகொண்டே போகும். ஓடுதளம் கண்முன் தீர்ந்துகொண்டே வரும்.

அந்த நேரத்தில் மாணவரின் கை செய்யும் காரியம் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் ஒன்றுதான்: பிடியை முன்னால் தள்ளி விமானத்தை வலிந்து தரையில் அமர்த்தப் பார்க்கிறது. மூக்குச் சக்கரம் முதலில் மோதுகிறது. முன்பகுதி மேலே எகிறுகிறது, இறக்கையின் சாய்கோணம் கூடுகிறது, இன்னும் பறக்கப் போதுமான வேகம் இருப்பதால் விமானம் மீண்டும் காற்றில் ஏறுகிறது. திகைத்த மாணவர் மறுபடி முன்னால் தள்ளுகிறார். இரண்டாவது மோதல் முதலாவதைவிடக் கடுமையாக இருக்கும். ஒவ்வொரு திருத்தமும் அரை நொடி தாமதமாக வருவதால், குதிப்பைத் தணிப்பதற்குப் பதிலாக வளர்க்கிறது. இப்படி மாறி மாறிக் குதிப்பதைப் போர்பாய்ஸ் என்று அழைக்கிறார்கள். மூன்றாவது, நான்காவது குதிப்பில் மூக்குச் சக்கரத்தின் தண்டு முறிந்து, சுழலும் புரொப்பல்லர் தரையை அடிப்பது வழக்கமான முடிவு. செஸ்னா 172-இல் மூக்குச் சக்கரத் தண்டு, எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையே உள்ள தடுப்புச் சுவரோடு இணைந்திருக்கிறது. ஆகவே தண்டு தாங்கினால்கூட அந்தச் சுவர் நெளிந்துபோகலாம். புரொப்பல்லர் தரையில் பட்டுவிட்டாலோ எஞ்சினைக் கழற்றிப் பிரித்துச் சோதிக்காமல் மீண்டும் பறக்க விடக் கூடாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறு விபத்தாகத் தெரிவது, அந்த விமானத்தைப் பல வாரங்களுக்கோ மாதங்களுக்கோ கொட்டகையில் நிறுத்திவிடும்.

கண்ணுக்கும் இதில் பங்குண்டு. ஃப்ளேரின்போது விமானத்தின் மூக்குக்கு நேர்கீழே பார்க்கும் மாணவருக்குத் தரை விரைந்து ஓடுவது மட்டுமே தெரியும், உயரம் தெரியாது. ஓடுதளத்தின் கடைக்கோடியை நோக்கினால்தான் மெல்ல இறங்குவது புலப்படும். அகலமான ஓடுதளத்தில் பழகியவர் குறுகலான ஒன்றுக்குப் போனால், தாம் உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக எண்ணித் தாழ்வாக வருவார், மூக்கையும் தாமதமாக உயர்த்துவார். குறுகலிலிருந்து அகலத்துக்குப் போனால் நேர் எதிர்: மிக உயரத்திலேயே ஃப்ளேர் செய்து, வேகம் தீர்ந்து, அங்கிருந்து தொப்பென்று விழுவார்.

அடுத்தது காற்று. வட சென்னையில் வளர்ந்த ஒருவருக்கு இதை விளக்குவது எளிது. மணலி ஆலைப் புகைபோக்கிகளின் புகை கோடைக் காலக் காலையில் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும்; நண்பகல் வாக்கில் கடற்காற்று நுழைந்ததும் அதே புகை திரும்பி மாதவரம் பக்கமாகப் போகும். திருவொற்றியூரில் காற்று திரும்பிய பிறகும் உள்ளே சில கிலோமீட்டர் தள்ளி மேற்குக் காற்றே வீசிக்கொண்டிருக்கும் நேரமும் உண்டு. கடலோர விமான நிலையம் ஒன்றில் இந்த மாற்றம் நிகழும் அரை மணி நேரத்தில் தனியாகச் சர்க்யூட் சுற்றிக்கொண்டிருக்கும் மாணவரை எண்ணிப் பாருங்கள். புறப்படும்போது எதிரே வீசிய காற்று, நான்காவது தரையிறக்கத்தில் பக்கவாட்டிலோ முதுகிலோ வீசும்.

பக்கக் காற்றைச் சமாளிப்பதற்கு, விமானத்தின் மூக்கைக் காற்றை நோக்கிச் சற்றுத் திருப்பிக்கொண்டு வருவது ஒரு வழி; காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, ரட்டரின் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) எதிர்ப் பக்க மிதியை அழுத்தி நேராக வருவது மற்றொரு வழி. எதைச் செய்தாலும், சக்கரம் தொடும் கணத்தில் விமானத்தின் உடல் ஓடுதளத்தின் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டு நகர்வும் இருக்கக் கூடாது. 12 நாட் காற்று ஓடுதளத்துக்கு 30 பாகைக் கோணத்தில் வீசினால் அதன் பக்கவாட்டுக் கூறு 6 நாட். 60 பாகையில் வீசினால் 10 நாட்டுக்கும் மேல். செஸ்னா 172-இன் கையேடு, செய்து காட்டப்பட்ட பக்கக் காற்று வேகமாக 15 நாட்டைக் குறிப்பிடுகிறது. அதைச் செய்து காட்டியவர்கள் தேர்ந்த சோதனை விமானிகள். முதல் சில தனிப் பறத்தல்களில் இருக்கும் மாணவருக்கு அந்த எண் பொருந்தாது. பள்ளி அவருக்கென்று அதைவிட மிகக் குறைவான ஓர் எல்லையை எழுத்தில் வகுத்திருக்க வேண்டும்.

ஓடுதளத்தை விட்டு விலகும் விபத்துகளில் பல, சக்கரம் தரையில் பட்ட பிறகே நிகழ்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். தொட்டதும் வேலை முடிந்தது என்று மாணவரின் கைகால்கள் தளர்கின்றன. விமானமோ இன்னும் பாதி பறந்துகொண்டுதான் இருக்கிறது. இறக்கைகளில் தூக்குவிசை மிச்சம் இருப்பதால் சக்கரங்களுக்குப் பிடிப்பு குறைவு, பிரேக் சரியாகப் பிடிக்காது, செங்குத்து வாலில் மோதும் பக்கக் காற்று மூக்கைத் தன் பக்கம் திருப்பும். 1960-களில் இந்தியப் பறக்கும் கழகங்களில் பரவலாக இருந்த எச்ஏஎல் புஷ்பக் விமானத்துக்கு மூன்றாவது சக்கரம் வாலில் இருந்தது. அவ்வகை விமானத்தில் எடைமையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், சிறிது கவனம் பிசகினாலும் விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டுவிடும். அதில் பழகியவர்கள் விமானம் முழுக்க நிற்கும் வரை காலை ரட்டரிலிருந்து எடுக்க மாட்டார்கள். இன்றைய மூக்குச் சக்கர விமானம் அந்தப் பிழையைப் பெருமளவு பொறுத்துக்கொள்கிறது. பொறுத்துக்கொள்வதாலேயே அந்தப் பழக்கம் மாணவரிடம் வேரூன்றுவதில்லை என்று தோன்றுகிறது.

வெப்பத்தின் பங்கு சிறியது, ஆனால் இங்கே அதை விட்டுவிட முடியாது. கடல் மட்டத்தில் 40 பாகை செல்சியஸ் வெயிலில் காற்றின் அடர்த்தி, தரப்படுத்தப்பட்ட வளிமண்டலத்தில் சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாகக் குறைகிறது. வேகமானி அதே 65 நாட்டைக் காட்டினாலும் தரையை ஒட்டிய உண்மை வேகம் நான்கைந்து விழுக்காடு கூடுகிறது. எஞ்சின் தரும் விசை குறைகிறது. இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேற முயலும்போதுதான் அந்தக் குறை உறைக்கும்.

இனி தனிப் பறத்தலுக்கு வருவோம். பயிற்றுநர் இறங்கிக்கொண்டு மாணவரை முதன்முறையாகத் தனியே அனுப்பும்போது விமானமும் கொஞ்சம் மாறிவிடுகிறது. எழுபது எண்பது கிலோ எடை குறைந்ததால் அது வேகமாக மேலேறும், ஸ்டால் வேகம் மூன்று நான்கு விழுக்காடு குறையும், பழகிய அதே வேகத்தில் வந்தால் கூடுதல் தூரம் மிதக்கும். பயிற்றுநர் இதை முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்புவார். சொல்லிக் காட்ட முடியாத மாற்றம் வேறொன்று இருக்கிறது. அதுவரை விமானம் குதித்தபோதெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது, பல நேரம் ஒரு கையும் வந்தது. கையைக் குறைவாக நீட்டும் நல்ல பயிற்றுநர்கூட, குரலைக் கொடுத்துவிடுவார். “விடு, மேலே போ” என்று முடிவெடுத்தது யார் என்பதைப் பயிற்சிக் குறிப்பேடு பதிவு செய்வதில்லை. அதனால் இருபது, முப்பது நல்ல தரையிறக்கங்களைச் செய்ததாகக் கணக்கில் உள்ள ஒரு மாணவர், கெட்ட தரையிறக்கத்தைக் கைவிடும் முடிவைத் தாமாக ஒருமுறைகூட எடுக்காதவராக இருக்க முடியும். முதல் முறையாக அதை எடுக்க வேண்டிய நேரத்தில் அவர் தனியாக இருக்கிறார்.

கைவிட்டு மேலேறிச் சுற்றி வருவதைக் கோ அரவுண்ட் என்பார்கள். எண்ணூர்ப் பக்கக் கரையில் ஃபைபர் படகைக் கரையேற்றும் மீனவர்கள், அலை சரியாக அமையாவிட்டால் முன்பகுதியைத் திருப்பிக் கடலுக்குள்ளேயே போய், அடுத்த அலைக்காகக் காத்திருப்பார்கள். கரையில் நிற்கும் யாரும் அதைத் தோல்வியாகப் பார்ப்பதில்லை. விமானப் பயிற்சியில் அந்த மனப்பான்மை வேண்டும் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. ஆனால் மாணவரின் மனம் வேறு கணக்குப் போடுகிறது. கோ அரவுண்ட் என்றால் இன்னொரு ஏழெட்டு நிமிடம், அதற்கான பணம், வானொலியில் எல்லோரும் கேட்கும்படி ஓர் அறிவிப்பு, கீழே பார்த்துக்கொண்டிருக்கும் சக மாணவர்களின் கண்கள். பின்னால் இன்னொரு விமானம் வந்துகொண்டிருக்கலாம். அந்தப் பதற்றத்தில் எப்படியாவது இறக்கிவிடலாம் என்ற எண்ணம் மேலோங்குவதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

இன்னும் முக்கியமான ஒன்று: கோ அரவுண்ட் எளிதான செயல் அன்று. உயிரிழப்பில் முடியும் அரிய விபத்துகளில் சில இந்தக் கட்டத்தில்தான் உருவாகின்றன. முழு விசை கொடுத்ததும், தரையிறக்கத்துக்காக மூக்கு உயரும்படி சரிசெய்து வைத்திருந்த விமானம் வேகமாக மூக்கைத் தூக்கும். மாணவர் பிடியை வலுவாக முன்னால் அழுத்தித் தடுக்க வேண்டும். புரொப்பல்லரின் சுழற்சியாலும் அது பின்னே தள்ளும் காற்றோட்டத்தாலும் மூக்கு இடப்பக்கம் திரும்பும். வலது காலால் ரட்டரை அழுத்தி நேராக்க வேண்டும். முழுக்க இறக்கிவிட்ட ஃபிளாப்கள் (குறைந்த வேகத்தில் பறக்க உதவும், இறக்கையின் பின்விளிம்புப் பலகைகள்) பெருந்தடை தருவதால் அவற்றைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். பதறி ஒரேயடியாக உயர்த்தினால் தூக்குவிசை சட்டென்று குறைந்து விமானம் கீழே அமுங்கும். இவை மூன்றும் தரைக்குச் சில மீட்டர் மேலே, ஏற்கெனவே வேகம் குறைந்த நிலையில், குதித்து எகிறிய அதிர்ச்சியோடு, இரண்டு மூன்று நொடிகளில் நடக்க வேண்டியவை. வலது கால் மறந்துபோனால் விமானம் இடப்பக்கம் சாய்ந்து, மூக்கு உயர்ந்து, ஸ்டால் ஆகி ஓடுதளத்தின் ஓரத்தில் விழும். அப்போது அது புல்வெளியில் நின்றுபோன விபத்தாக முடியாது.

எனவே குதித்த பிறகு என்ன செய்வது என்பதைத் தனிப் பாடமாகவே பழக்க வேண்டும். சிறு குதிப்பு என்றால் மூக்கை இருந்த நிலையிலேயே பிடித்து, சிறிது விசை கொடுத்து, மீண்டும் அமரவிடலாம். பெரிய குதிப்பு, அல்லது இரண்டாவது குதிப்பு என்றால் யோசனையே இன்றி முழு விசை, மேலே. இதைப் பயிற்றுநர் உடன் இருக்கும்போது, 300 அடி உயரத்திலேயே முன்கூட்டி முடிவு செய்த சுகமான கோ அரவுண்டாக மட்டும் பழகினால் போதாது. ஃப்ளேரின் நடுவிலிருந்து, முழு ஃபிளாப்போடு, வேகம் தீரும் நிலையிலிருந்து பழக வேண்டும். மாணவர் எதிர்பாராத நேரத்தில் பழக வேண்டும். முடிவை மாணவரே எடுக்கும்படி, பயிற்றுநர் வாயை மூடிக்கொண்டு சில தரையிறக்கங்களையாவது பார்க்க வேண்டும். என் பார்வையில், முதல் தனிப் பறத்தலுக்குத் தகுதி பார்க்கும்போது அழகாக இறக்குவதைவிட இதற்கே கூடுதல் எடை தர வேண்டும்.

அது நடக்காமல் போவதற்கான காரணங்களில் சில பயிற்சி முறையின் அமைப்பிலேயே இருக்கின்றன. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். ஆகவே பள்ளிக்கும் மாணவருக்கும் தனிப் பறத்தலை விரைவில் தொடங்க வேண்டிய அவசரம் இருக்கிறது. பெரிய விமான நிலையங்களில் பயணிகள் விமானங்களுக்கிடையே சர்க்யூட் சுற்ற இடம் கிடைப்பது கடினம். செங்குன்றத்துக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருந்தது. வட சென்னையின் மூத்தவர்களுக்கு அது கார்ப் பந்தயங்களால்தான் நினைவிருக்கும். இன்று இங்கிருந்து விமானியாக விரும்பும் பிள்ளை சேலத்துக்கோ, மகாராஷ்டிரத்தின் பாராமதிக்கோ கோண்டியாவுக்கோ போய்த் தங்க வேண்டியிருக்கிறது. போன இடத்தில் மழையும் மூடுபனியும் விமானப் பற்றாக்குறையும் சேர்ந்து வாரக்கணக்கில் பறக்க விடாமல் செய்யும் காலங்கள் உண்டு. கைகளில் இருந்த பழக்கம் அந்த இடைவெளியில் போய்விடுகிறது. செலவோ போய்க்கொண்டே இருக்கிறது. உதவிப் பயிற்றுநர்களில் பலர் தாமே விமான நிறுவன வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள். அவர்களின் ஈடுபாட்டில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மாணவரைத் தொடர்ந்து ஒரே கண் பார்த்துக்கொள்ளும் நிலை இதனால் அரிதாகிறது.

விபத்து நடந்த பின் என்ன ஆகிறது என்பதும் இதோடு சேர்ந்ததே. இந்தியாவில் விமான விபத்துகளை ஆராய 2012-இல் தனி அமைப்பாக விமான விபத்து விசாரணைப் பணியகம் உருவாக்கப்பட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் வருங்கால விபத்தைத் தடுப்பதுதான், பழியைச் சுமத்துவது அன்று என்று தெளிவாகக் கூறுகிறது. பயிற்சிப் பள்ளிக்குள் நிலைமை எப்போதும் அப்படி இருப்பதில்லை. 2023 அக்டோபரில் பாராமதி அருகே ஒரே பள்ளியின் இரண்டு விமானங்கள் சில நாட்கள் இடைவெளியில் விபத்துக்குள்ளானபோது, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அப்பள்ளியின் பயிற்சியை நிறுத்திவைத்துத் தணிக்கை செய்தது. அத்தகைய நடவடிக்கை தேவையானதே. பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடும் முறையும் 2025-இல் தொடங்கியிருக்கிறது. பாதுகாப்பும் அதன் அளவுகோல்களில் ஒன்று. பெற்றோர்களுக்கு அது பயன்படும். ஆனால் விபத்தின் எண்ணிக்கை மதிப்பெண்ணாக மாறும்போது, விபத்தாக ஆகாமல் தப்பிய கடுமையான குதிப்பை மாணவர் வாய் திறந்து சொல்வாரா என்பது எனக்குப் பெரும் கவலை. மூக்குச் சக்கரம் மோதியதைச் சொல்லாமல் விமானத்தை நிறுத்திவிட்டுப் போனால், நெளிந்த தடுப்புச் சுவரோடு அடுத்த மாணவர் அதை எடுத்துக்கொண்டு மேலே போவார்.

ஆகவே பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், விமானங்கள் எத்தனை, கட்டணம் எவ்வளவு என்பவற்றோடு வேறு சிலவற்றையும் பள்ளியில் கேட்க வேண்டும். தனிப் பறத்தலுக்கு முன் ஃப்ளேர் நிலையிலிருந்து கோ அரவுண்ட் பழக்குகிறீர்களா, அதை எங்கே பதிவு செய்கிறீர்கள்? தனியாகப் பறக்கும் மாணவருக்குப் பக்கக் காற்றின் எல்லை எத்தனை நாட், காற்று மாறினால் அவரைத் திருப்பி அழைக்கும் பொறுப்பு யாருடையது? இரண்டு வாரம் பறக்காத மாணவரைப் பயிற்றுநர் இல்லாமல் அனுப்புவீர்களா? கடுமையாகக் குதித்ததைத் தானே வந்து சொல்லும் மாணவரிடம் மறுநாள் எப்படி நடந்துகொள்வீர்கள், கூடுதல் பயிற்சிக்கு அவரிடம் பணம் கேட்பீர்களா? கடைசிக் கேள்விக்குப் பள்ளி தயங்கினால், கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் அங்கே ஏற்கெனவே படிக்கும் மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடமாவது அதே கேள்வியைத் தனியாகக் கேட்டுவிடுங்கள்.